பொய்த்த குறியை யார் எழுதி வைத்தார்?

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஒரு பழைய கல்லறை இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரருடையது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். யானை சுடுவதில் பேர்போனவர். 1,400 யானைகளைக் கொன்றார் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். உடலை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். அதோடு கதை முடியவில்லை. கல்லறை மேலும் இடி விழுந்ததாம், கல் பிளந்ததாம், அதுவும் ஒரு தடவை இல்லையாம். இத்தனை வாயில்லா ஜீவன்களைக் கொன்ற பாவம் மண்ணுக்குள்ளும் விடவில்லை என்ற முடிவைக் கதை சொல்பவர் சொல்லத் தேவையில்லை, கேட்பவரே சேர்த்துக்கொள்வார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி எங்கே கிடைக்கும்?

சரி, இதில் எவ்வளவு உண்மை? மின்னலில் செத்தது உண்மை. கல்லறை இருப்பதும் உண்மை. ஒரு மலைநாட்டு மேட்டில், திறந்த வெளியில் நிற்கும் கல் மீது நூற்றெழுபது வருடங்களுக்கு மேலான காலத்தில் ஒரு இடி விழுந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மூன்று மணி ஆனதும் இடி முழங்குவது இங்கே வாடிக்கை. ஆனால் நமக்கு வேலை இந்த இடியோடு இல்லை. இடி விழாத இன்னொருவரோடு.

ரோஜர்ஸின் கணக்கைச் சொல்லும் எமர்சன் டெனன்ட், ரோஜர்ஸ் செத்த பிறகு கொழும்பில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர், அதே மூச்சில் வேறு இரண்டு பேரையும் சொல்கிறார். கெப்டன் கால்வே என்பவர் ரோஜர்ஸ் சுட்டதில் பாதிக்கு மேல் சுட்டவர். மேஜர் தோமஸ் ஸ்கின்னர் கிட்டத்தட்ட கால்வே அளவுக்கு. இந்த ஸ்கின்னர்தான் இலங்கையின் வீதிகளைப் போட்டவர். அறுநூறு, எழுநூறு யானை என்றால் சின்னப் பாவமா? மின்னல் அவரைத் தொடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1877 வரை வாழ்ந்தார். அவர் கல்லறை எங்கே என்று யாரும் கேட்பதில்லை, அதைப் பார்க்க யாரும் வண்டி பிடித்துப் போவதும் இல்லை.

அமானுஷ்யத்தில் மனிதர் நம்பிக்கை வைப்பது எப்படி என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பல பெயர்களில் சொல்லும் விஷயத்தின் அடிவேர் இங்கே கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், வேலைக்கு வந்தவருக்கு ஒரு பேர், ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும், பாதி நாள் நின்றவருக்கு அரைப்பேர் விழும், வராதவரின் கட்டமும் அங்கேதான் இருக்கும், வெறுமையாக. மனசு வைத்திருக்கும் செக்ரோலில் வராதவருக்குக் கட்டமே கிடையாது. பலித்தவைக்கு முழுப்பேர், அரைகுறையாகப் பலித்தவைக்கும் முழுப்பேர், பொய்த்தவை புத்தகத்திலேயே ஏறாது.

ஆயிரம் பேர் இருக்கிற ஒரு டிவிசனை, தோட்டத்தின் ஒரு பிரிவை, எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது யாரோ செத்ததாகக் கனவு காண்கிறார் என்று வைத்தால், வருடத்துக்கு ஆயிரம் சாவுக்கனவு. அதில் ஏதோ ஒன்று, கனவில் வந்தவர் அந்த வாரமே போய்ச் சேர்ந்ததாக அமைந்துவிடும். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு அந்த ஒன்றைப் பற்றித்தான். “எனக்கு நேத்தே தெரியும்டி, கனவுல வந்து நின்னாரு.” மிச்சம் 999 கனவும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் மறந்துபோகும். கனவு கண்டவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது அத்தனையும் உண்மை. அவரிடம் இல்லாதது மற்றவர்களின் கனவுக் கணக்கு மட்டும்தான்.

பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு சின்னப் பரிசோதனை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். ஆட்கள் 8, 10, 12 என்றார்கள், பொருந்துகிறது. 20, 22, 24, பொருந்துகிறது. இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று நம்பிக்கையோடு விடை சொன்னார்கள். விதி அது இல்லை. ஏறுவரிசையாக இருந்தால் போதும், அவ்வளவுதான். 1, 2, 97 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். தன் ஊகம் தவறாகிப் போகக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்கப் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவே இல்லை. இவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். படிக்காத சனம்தான் பேயை நம்பும் என்று டவுனில் இருந்துகொண்டு சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கவனிக்காமல் விடுவது ஒரு பக்கம் என்றால், இல்லாததைப் பார்ப்பது இன்னொரு பக்கம். இதற்கு மலைநாட்டைவிட வசதியான இடம் இருக்காது.

மாலை ஐந்தரைக்கு மேல் பனிமூட்டம் இறங்குகிறது. பத்தடிக்கு அப்பால் இருக்கும் தேயிலைச் செடி கறுப்புத் திட்டு. யூக்கலிப்டஸ் மரம் ஒன்று தோன்றுகிறது, மறைகிறது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று தோன்றுகிறது. அதே மரம் நகர்ந்து வந்த மாதிரி இருக்கிறது. கானில், மலையில் வெட்டிய வடிகாலில், தண்ணீர் ஓடும் சத்தம் மூட்டத்துக்குள் திசை தெரியாமல் கேட்கிறது. மானாப்புல் ஒரு பக்கம் அசைகிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை முடிந்து மேட்டு லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, தனியாக ஏறுகிற ஆளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும்? காற்று என்றா, யாரோ என்றா?

யாரோ என்றுதான். அப்படித் தோன்றுவது பிழையும் இல்லை. இந்தத் தேயிலை மலைகளில் சிறுத்தை நிஜமாகவே நடமாடுகிறது. காட்டுப்பன்றி இருக்கிறது. காற்றைச் சிறுத்தை என்று நினைத்து ஓடினால் நஷ்டம் மூச்சு வாங்குவது மட்டும். சிறுத்தையைக் காற்று என்று நினைத்து நின்றால் நஷ்டம் வேறு. இப்படி இரண்டு பக்கத்துத் தவறுக்கும் விலை சமமாக இல்லாதபோது, மலிவான தவறை அடிக்கடி செய்யும்படி மூளை அமைந்துவிடுகிறது. அசைவுக்குப் பின்னால் ஒரு ஆள், ஒரு மிருகம், ஒரு நோக்கம் இருக்கிறது என்று முதலில் முடிவு கட்டி, அப்புறம்தான் விசாரிக்கும். சமய நம்பிக்கைகளை ஆராயும் ஜஸ்டின் பாரெட் போன்றோர் ஆவி, தேவதை, முனி எல்லாவற்றுக்கும் இந்த முந்திரிக்கொட்டை மூளைதான் முதல் வாசல் என்கிறார்கள். முதல் வாசல் என்ற அளவில் எனக்கு அது சரியாகப் படுகிறது. புல் அசைந்தால் பயப்படுவது எல்லா நாட்டு மனிதனுக்கும் பொது. ஆனால் அது சேவல் கேட்கும் முனியா, வெள்ளைச் சேலை மோகினியா, தொப்பி போட்ட துரையின் ஆவியா என்பதை முடிவு செய்வது அவன் கேட்டு வளர்ந்த கதை. மலைநாட்டில் மூன்றுக்கும் ஆள் உண்டு.

உலமா என்ற பறவை இன்னொரு உதாரணம். காட்டோரத்தில் நடுச்சாமத்தில் மனிதக் குரலில் அலறும். கேட்டால் சாவு நிச்சயம் என்பார்கள். பறவையியலாளர்கள் பலர் இதைப் பெரிய காட்டு ஆந்தை வகை ஒன்றின் குரல் என்று சொல்கிறார்கள். அந்த ஆந்தை தன் பாட்டுக்கு வருடம் முழுக்கத்தான் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில்தான் அது கத்திய ராத்திரி ஞாபகத்துக்கு வரும்.

சிவனொளிபாத மலை உச்சியில் விடியலில் தெரியும் முக்கோண நிழலையும் சொல்ல வேண்டும். 2,243 மீற்றர் உயரத்தில் நின்று மேற்கே பார்த்தால், கோடு போட்ட மாதிரி ஒரு முக்கோணம் மூட்டத்தின் மேல் மிதக்கும். மலை அப்படிக் கூராக இல்லாமல் கரடுமுரடாக இருந்தாலும் நிழல் முக்கோணமாகவே தெரியும். நிழல் பல மைல் நீளம். தூரம் போகப் போக அதன் இரு ஓரமும் நம் கண்ணுக்கு நெருங்கி வந்து ஒரு முனையில் சேர்ந்துவிடுகின்றன. காரணம் தெரிந்த பிறகும் அதைப் பார்க்கும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளும், அது வேறு விஷயம். உச்சியிலுள்ள பாதத்தடத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், நாம் சிவனுடையது என்கிறோம், முஸ்லிம்கள் ஆதமுடையது என்கிறார்கள், கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்கிறார்கள். ஒரே பாறை. கண் பாறையைப் பார்ப்பதற்கு முன்பே மனசு பாதத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. இதை யாருடைய பக்தியையும் குறைத்துச் சொல்லவில்லை. பார்ப்பது என்ற வேலையில் எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பங்கு என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தேயிலை ஸ்டோருக்கு ரோதமுனி காவல். தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கவ்வாத்துச்சாமிக்குப் படையல். மாடசாமி மலையடிவாரத்தில் நிற்கிறார். இந்தச் சாமிகள் எந்தெந்த இடங்களில் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஒன்று தெரியவரும். கை போகக்கூடிய இயந்திரம், கால் வெட்டுப்படக்கூடிய கவ்வாத்துக் கத்தி, குளவி கொட்டக்கூடிய மலை, பாம்பு கிடக்கும் கான். ஆபத்து இருந்து, அது எப்போது வரும் என்று நம் கையில் இல்லாத இடங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் பசிபிக்கிலுள்ள துரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இதையேதான் கண்டார். அமைதியான உள்கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. திறந்த கடலுக்குப் போகும்போது மந்திரமும் சடங்கும் நிறைய.

2008இல் விட்சன், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள், தன் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வை ஆட்களிடம் உண்டாக்கிவிட்டு, வெறும் புள்ளிக் குழப்பமான படங்களைக் காட்டினார்கள். அப்படிப்பட்டவர்கள் இல்லாத உருவங்களை அதிகம் கண்டார்கள் என்று எழுதினார்கள். இந்த ஆய்வை எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. அதனால் பரிசோதனைக்கூடத்துப் படத்தைவிட மலினோவ்ஸ்கியின் மீனவர்களையும் நம் ரோதமுனியையுமே நான் பெரிய சாட்சியாக எடுப்பேன். ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த சனத்தில் வழியிலேயே காலராவிலும் அம்மையிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். யார் பிழைப்பார் யார் விழுவார் என்று ஒருவருக்கும் தெரியாத பாதையில் மாரியாத்தாளைத் தவிர வேறு எதைத்தான் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார்கள்?

சடங்கு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு 1948இல் ஒரு புறாக் கதை உண்டு. பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை தீனி விழும்படி வைத்தார் ஓர் அமெரிக்க உளவியலாளர். எட்டில் ஆறு புறா ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டது. ஒன்று வட்டமாகச் சுற்றியது, ஒன்று ஒரு மூலையில் தலையை முட்டுவது போலத் தூக்கியது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததுதான் தீனியை வரவைத்தது என்ற நினைப்பு. அந்த உளவியலாளரின் பெயரும் ஸ்கின்னர்தான். யானை சுட்ட ஸ்கின்னருக்கும் புறா வளர்த்த ஸ்கின்னருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வரியைப் படித்தபோது ‘அட!’ என்று ஒரு கணம் தோன்றியிருந்தால், இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருப்பது அந்த ‘அட’வைப் பற்றித்தான்.

இனி, உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் போவோம். ராத்திரி எட்டு மணி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, லயத்து ஒற்றை அறை, சாம்பிராணிப் புகை, தட்டில் எலுமிச்சம்பழம், வெற்றிலை, சூடம். மூலையில் ஒரு பெண்பிள்ளை. சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. இஸ்தோப்பில், முன் திண்ணையில், பக்கத்து வீட்டுச் சனம். உடுக்கை கொஞ்ச நேரம் அடித்து நிற்கிறது.

“வூட்டுக்குக் கெழக்கால ஒரு மரம் நிக்கிதா தாயி?”

“இல்லியே சாமி.”

“இப்ப இல்ல. முந்தி நின்னிச்சு. வெட்டிப்புட்டாங்க.”

தாய் யோசிக்கிறாள். இஸ்தோப்பிலிருந்து ஒரு கிழவி, “ஆமா, கித்துள் மரம் ஒண்ணு நின்னிச்சே, கங்காணி காலத்துல” என்கிறாள். கூட்டம் முழுக்க ஒரு மூச்சு வாங்குகிறது.

“புள்ள ஒரு தண்ணிக்கரையில பயந்திருக்கு.”

“ஆமாஞ் சாமி. பீலிக்கிப் போயி வந்ததுல இருந்துதான்.”

“நெருங்குன சாதிசனத்துல ஒருத்தருக்கு உங்க மேல வயித்தெரிச்சல்.”

தாய் தலையாட்டுகிறாள். யாரென்று அவளுக்கே ஒரு முகம் தோன்றிவிட்டது.

இதை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், மரம் நின்றாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கோடாங்கி சொன்னது பலித்த மாதிரிதான். மலைநாட்டில் எந்தப் பிள்ளைதான் தண்ணீர்க்கரைக்குப் போகாமல் இருக்கும்? வயிற்றெரிச்சல் இல்லாத சொந்தம் எந்த வீட்டில் இருக்கிறது? கோடாங்கி போட்டது மூன்று வெறும் சட்டகம். கித்துள் மரத்தையும் பீலியையும் சொந்தக்காரி முகத்தையும் கொண்டுவந்து உள்ளே வைத்தது அந்த வீட்டார்தான். விடிந்ததும் பேச்சு எப்படி இருக்கும்? “வெட்டுன கித்துள் மரத்தக்கூடச் சொல்லிப்புட்டாரு!”

இதைத்தான் பெட்ராம் ஃபோரர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேரிடம் செய்து காட்டினார். ஒரு சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணவிளக்கம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். பெட்டிக்கடைச் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ‘மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு’ என்கிற மாதிரி. யாருக்குத்தான் இல்லை?

கோடாங்கியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பல கோடாங்கிகள் தங்களைத் தாங்களே முழுதாக நம்புகிறார்கள் என்பதுதான் என் எண்ணம். அவரிடமும் பலித்த குறிகளின் பட்டியல் மட்டுமே இருக்கிறது. பொய்த்த வீட்டுக்காரர் பலர் திரும்பி வந்து சொல்வதில்லை, வேறு கோடாங்கியைத் தேடிப் போய்விடுவார்கள். அதோடு நோய் தீர்கிறது என்பதும் பாதி உண்மை. ஆட்கள் கோடாங்கியைக் கூப்பிடுவது துன்பம் உச்சத்தில் இருக்கும்போது. ஏறி இறங்கும் தன்மையுள்ள எந்த நோயும் உச்சத்துக்குப் பிறகு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எலுமிச்சம்பழம் வெட்டினாலும் இறங்கும், வெட்டாவிட்டாலும் இறங்கும். கூடவே, பேச ஆளில்லாமல் கிடந்த ஒரு பெண்ணைச் சுற்றி அன்று ராத்திரி முழு லயமும் உட்கார்ந்திருந்தது. அதற்கும் ஒரு பலன் இருக்கும். ஏறி இறங்காத நோய்களில்தான் ஆபத்து. வலிப்பு, தற்கொலை எண்ணம் வரையில் போகும் மனச்சோர்வு, மூளைக்காய்ச்சல் இவற்றில் பேயோட்டக் கழிப்புக் கழித்துப் போன மூன்று நாளும் திரும்பக் கிடைக்காது.

தூங்கும்போது நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய்க்கு விளக்கம் இதைவிடச் சுருக்கம். கனவு காணும் கட்டத் தூக்கத்தில் உடம்புத் தசைகளை மூளை செயலற்று வைத்திருக்கும். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தசை பிந்துகிறது. கண் திறந்திருக்கும், கை அசையாது, மூச்சு முட்டும், அறையில் இன்னொருவர் இருப்பது போலத் தெரியும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: குளிருக்குக் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பை உள்ளே வைத்துப் படுத்த ராத்திரியில் தலைவலியும் உருவங்களும் வந்தால், அதில் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்குப் பங்கு இருக்கலாம். 1921இலேயே ஒரு அமெரிக்க மருத்துவ இதழில், ஆவி நடமாடிய வீடு ஒன்றின் கதை உலைப் புகைதான் என்று தெரியவந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அது கொல்லும் வாயு.

பேய் நம்பிக்கைக்கு எதிராக இலங்கையில் அதிகம் பேசியவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, இங்கே தாவரவியல் படிப்பித்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அமானுஷ்ய சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை யாரும் அதை வெல்லவில்லை. சவால் நல்ல ஆயுதம்தான், ஆனால் அது குறி சொல்கிறவரை நோக்கியது. குறி கேட்கப் போன தாயை அது தொடவே இல்லை. அவளுக்கு ஒரு இலட்சம் வேண்டாம், பிள்ளை சாப்பிட வேண்டும்.

ஒருவர் மனதில் நடப்பது ஊர் முழுக்க நடந்தால் என்ன ஆகும் என்று 2011 ஆகஸ்டில் பார்த்தோம். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் வருகிறான், கூரை தாவுகிறான், பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான் என்று மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கிழக்கு மாகாணம் வரை பரவியது. ஆண்கள் தடியோடு இராக்காவல் இருந்தார்கள். ஊருக்குப் புதிய முகங்கள் அடிபட்டன, உயிர்களும் போயின. தெவெர்ஸ்கி, கானமன் என்ற இருவர் 1973இல் விளக்கிய ஒரு சாய்வு இங்கே அப்படியே பொருந்தும்: எது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்துத் தொலைபேசி அழைப்பில் அதே கதை வந்தால், அது பத்துச் சம்பவமாகத்தான் மனதில் பதியும். ஆனால் இதை வெறும் மனப்பிரமை என்று முத்திரை குத்துவதற்கும் எனக்கு ஒப்பவில்லை. விளக்கில்லாத பாதையில், வீட்டுக்கு வெளியே இருக்கும் கக்கூசுக்கு ராத்திரியில் போகிற பெண்ணின் பயம் பூதம் வருவதற்கு முன்பே இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

வாய்க்கு வாய் போகும்போது கதை உள்ளூர்ச் சட்டையைப் போட்டுக்கொள்ளும். கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லட் 1932இல் இதை எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆவிக்கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கவைத்து, சில காலம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். பழங்குடிகளின் தோணி சாதாரணப் படகாகியது, கடல்நாய் வேட்டை மீன்பிடியாகியது, புரியாத பகுதிகள் உதிர்ந்தன. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை.

எதிர்பார்ப்பதையே பார்க்கும் இந்தப் பழக்கத்திலிருந்து படித்தவர்களும் தப்புவதில்லை என்பதற்கு நம் மலையிலேயே ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டின்ஏர் விமானம் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னிமார் மலையில் மோதியது. 191 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. இப்படிப் பெயருள்ள மலையில் இப்படி ஒரு விபத்து நடந்தால் கதை கிளம்பாமல் இருக்குமா? விசாரணையில் தெரியவந்தது, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாக அடையாளம் கண்டு விமானிகள் தாழ இறக்கிவிட்டார்கள் என்பது. கருவிகள் காட்டியதை எதிர்பார்த்த இடத்தோடு பொருத்திக்கொண்டார்கள். மூட்டத்தில் மரத்தை ஆளாகப் பார்த்தவருக்கும் அவர்களுக்கும் படிப்பில்தான் வித்தியாசம்.

கடைசியாக மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. ஒவ்வொரு பெரிய அழிவுக்குப் பிறகும் நாய் ஊளையிட்டது, சாமியாடி முன்கூட்டியே சொன்னார் என்ற பேச்சு வரும். நடந்து முடிந்ததும் அது முன்பே தெரிந்திருந்தது போலத் தோன்றுவதை பாருக் ஃபிஷ்ஹொஃப் 1975இல் ஆய்ந்து காட்டினார். மீரியபெத்தையில் நிஜமான முன்னறிவிப்பு ஒன்று எழுத்திலேயே இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சனம் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், போவதற்கு அவர்களுக்கு எந்தத் துண்டுக் காணி இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். அதற்கு உளவியலில் பதில் இல்லை.

ஆனால் உளவியல் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்த நிறுவனம் இன்று 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம் என்றும், 100 தாண்டினால் தயார் நிலை என்றும், 150 தாண்டினால் வெளியேறு என்றும் அறிவிக்கிறது. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது ஆகியவையும் பார்க்க வேண்டிய அடையாளங்கள். இரண்டு தடவை பிள்ளைகுட்டியோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்து, மலை அசையாமல் இருந்துவிட்டால், மூன்றாம் தடவை “புலி வருது கதைதான்” என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பத்துக் குறியில் ஒன்பது பொய்த்த கோடாங்கியிடம் திரும்பிப் போகிற அதே ஆள்தான். கோடாங்கி பொய்த்ததற்கு அவர் எதையும் இழக்கவில்லை. பொய்த்ததற்கும் ஒரு காரணம் கையோடு கிடைத்துவிடும், தீட்டு, பரிகாரக் குறை, இன்னொரு பூசை. மழை எச்சரிக்கை பொய்த்தால் ஒரு நாள் பேர் போய்விடுகிறது, வீட்டில் கோழி களவு போகிறது, பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கிறது. வலித்த தவறு மறக்காது. அதனால் எச்சரிக்கை விடுகிற அதிகாரிகள், மலை இறங்காத நாளின் மறுநாளும் அதே லயத்துக்கு வந்து, எவ்வளவு மழை பெய்தது, ஏன் போகச் சொன்னோம், ஏன் சரியவில்லை என்று பெரட்டுக்களத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த தடவை எழுந்து போகிறவர்கள் கூடுவார்கள். பொய்த்த குறிக்கும் காரணம் சொல்லும் கோடாங்கி அதைத்தான் செய்கிறார்.